முதல் சவாரிக்கு ஆகாத கண்ணாடிக்காரி

காலை ஆறேகாலுக்குச் செய்தி வந்தபோது மா தேசிக்கின் டாக்சியில், பின்சீட்டில், கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அன்றைய முதல் சவாரி அவள்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பூசான் தெருக்களில் டாக்சி ஓட்டுகிறவன், காலையில் முதல் ஆளாக ஒரு கண்ணாடிக்காரியை ஏற்றியது அன்றைக்குத்தான்.

கூப்பிட்டது வளைவு வீட்டு யோன்சுக் அக்கா. அவன் குடியிருக்கும் மேட்டுச் சந்தில், வண்டி திரும்பும் வளைவில், மொட்டைமாடி நிறைய மிளகாய்ச் செடி வளர்க்கும் விதவை.

“தேசிக், வண்டிய மொதல்ல ஓரங்கட்டு. கட்டிட்டியா? பொய் சொல்லாத, சத்தம் கேக்குது. கட்டு. உம் பொண்டாட்டி பால்கனில விழுந்துட்டாப்பா. ஆம்புலன்ஸ்காரங்க வந்து நெஞ்ச அமுக்கி அமுக்கிப் பாத்தாங்க. இப்பத்தான் தூக்கிட்டுப் போறாங்க. ஆனா அவசரமே இல்லாம போறாங்கப்பா. சைரன்கூடப் போடல.”

தேசிக் தலையைத் தூக்கினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கண்ணாடிக்காரி தெரிந்தாள். அவனுக்கு முதலில் தோன்றியது மனைவியின் முகம் அல்ல. ‘ஆயிடுச்சு, சொன்ன மாதிரியே ஆயிடுச்சு’ என்பதுதான் தோன்றியது. பெண்டாட்டி செத்த செய்தி காதில் இருக்கும்போதே ஒரு மனிதனுக்கு இப்படித் தோன்றுமா என்றால், தோன்றும். முதல் சவாரி கண்ணாடிக்காரியானால் தரித்திரம் என்ற நம்பிக்கையை, மனைவி மல்சுன்னைப் பார்த்துக்கொண்டதைவிட அக்கறையாக அவன் வளர்த்திருந்தான்.

அவள் முழுப்பெயர் ஓக் மல்சுன். கடைசிப் பெண் என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தால் தமிழில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே கணக்கு. பெயர் வைத்த அப்பாவுக்கு அதற்கப்புறமும் ஒரு பெண் பிறந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் ஒரு மாசம் பெயரில்லாமலே கிடந்தது அந்தக் குழந்தை.

கோஜே தீவிலிருந்து பூசான் செருப்புத் தொழிற்சாலைக்குத் தையல் வேலைக்கு வந்தபோது மல்சுன்னுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை மந்தம் என்று சொல்லியிருந்தார்கள். கரும்பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னால், கரும்பலகை எங்கே என்று தேடுகிற பெண்ணை வேறு என்ன சொல்வது? தொழிற்சாலையில் மூக்கு ஊசியைத் தொடும் அளவுக்குக் குனிந்து தைத்தவளைப் பார்த்து, ஊசியில் மூக்கு தைபட்டால் யார் நஷ்டஈடு தருவது என்று பயந்து, மேற்பார்வையாளரே கண்ணாடிக் கடைக்கு அனுப்பி வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து முதலில் அவரைத்தான் பார்த்தாள். இத்தனை நாளாக அவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பல்தான் எடுப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. பாவம், அதுவரைக்கும் அவளும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலத்துப் பூசானில் கண்ணாடி போட்ட பெண்ணுக்குக் காலையில் டாக்சி கிடைக்காது. முதல் சவாரி அவளாக இருந்தால் அன்றைக்கு முழுக்கத் தரித்திரம். கண்ணாடி போட்ட ஆண் ஏறலாம், அவர் பேராசிரியர். கண்ணாடி போட்ட பெண் ஏறினால் டயர் வெடிக்கும். ஆணா பெண்ணா என்று டயர் எப்படிக் கண்டுபிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. டாக்சியில் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் பார்க்க ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. வண்டிக்கு எத்தனை கண்ணாடி இருந்தாலும் யோகம். பெண்ணுக்கு ஒன்றே ஒன்று இருந்தால் மோசம்.

ஒரு மழைக்காலக் காலையில், வேலைக்கு நேரமாகி, மூன்று டாக்சிகள் அவளைப் பார்த்து வேகம் எடுத்துப் போன பிறகு, நான்காவது டாக்சி நின்றது. உள்ளே இளைஞன் தேசிக். கண்ணாடியைக் கவனிக்காமல் நிறுத்திவிட்டான். கவனித்ததும் முகம் கோணியது.

“இன்னும் போணியாகலம்மா. மொத சவாரி. தப்பா நெனைக்காத.”

மல்சுன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். “இப்ப ஏறலாமா? இல்ல, கண்ணையும் கழட்டணுமா?”

ஏற்றிக்கொண்டான். தொழிற்சாலை வந்ததும் இறங்கி, கண்ணாடி போட்டால் அவன் பார்த்துவிடுவானே என்று அப்படியே நடந்தாள். போய் நின்றது பக்கத்துத் தொழிற்சாலை வாசல். அங்கே காவல்காரனிடம் தன் அடையாள அட்டையை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தவளைத் தேசிக் வண்டிக்குள்ளிருந்து பார்த்தான். அந்தக் காட்சியில்தான் அவன் கவிழ்ந்தான். தன்னால் ஒரு பெண் இப்படித் தடவிக்கொண்டு நிற்கிறாளே என்று வெட்கப்பட்டிருக்க வேண்டியவன், ஐயோ பாவம் என்று காதலித்துவிட்டான். ஆண்களுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள்.

கல்யாணமான மறுநாளே சட்டம் வந்தது. சட்டம் என்றால் கத்திச் சொன்னதில்லை. தேசிக் நல்ல மாதிரி.

“யேரிமம்மா,” என்பான். மகள் யேரிம் பிறப்பதற்கு முன்னால் வெறும் “ஏய்”. “நான் கெளம்பற நேரத்துல மட்டும் அதக் கழட்டி வெச்சிடேன். வாசல்ல மொதல்ல பாக்கற மொகம் பாரு. அப்புறம் நாள் பூரா போட்டுக்கோ, யாரு வேணாங்கறா?”

கழற்றி வைத்தாள். விடியற்காலை சோறும் சூப்பும் கண்ணாடி இல்லாமல் சமைத்துக் கண்ணாடி இல்லாமல் பரிமாறினாள். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட நாட்களில் அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான்.

அவன் படியிறங்கியதும் அவள் நாலாவது மாடிப் பால்கனியில் வந்து நிற்பாள். கீழே வெள்ளை டாக்சி ஒரு மாவு உருண்டை மாதிரி சரிவில் உருண்டு போகும். வளைவில் உருண்டை கொஞ்சம் தயங்கும். அப்புறம் மறைந்துவிடும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வளைவில் நடந்தது வேறு. அங்கே தேசிக் வேகத்தைக் குறைத்து, இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தலையையும் கொஞ்சம் நீட்டித் திரும்பிப் பார்த்து, மனைவிக்குக் கையசைப்பான். ஒரு நாள் தவறியதில்லை. மேலே அவள் தந்திக் கம்பம் மாதிரி நிற்பாள். ஒரு நாள்கூடப் பதிலுக்குக் கை தூக்கியதில்லை. கோஜே தீவுக்காரிகளுக்குத் திமிர் ஜாஸ்தி என்று தேசிக் மனசுக்குள் வைத்துக்கொண்டான். கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னது யார் என்பது அந்த வளைவில் ஒருநாளும் அவன் ஞாபகத்துக்கு வரவில்லை. இப்படி முப்பது வருஷம்.

மல்சுன்னையும் சும்மா விடக் கூடாது. செருப்புத் தொழிற்சாலைகள் மூடிய பிறகு பூஜொன் சந்தையில் கிம்ச்சியும் ஊறுகாயும் விற்கும் கடை போட்டாள். சந்தையில் முதல் போணிக்கு இன்னும் கடுமையான விதிகள். அவளே கண்ணாடியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கடை திறப்பாள். பக்கத்துக் கடைக்காரிகள் விடமாட்டார்கள். அது போகட்டும். கண்ணாடி போட்ட பெண் யாராவது முதல் ஆளாக வந்து நின்றால், “இன்னும் ஊறலம்மா, அப்புறம் வா” என்று துரத்துவாள்.

“ஏன்க்கா, நீங்களே கண்ணாடிதானே?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “அதனாலதான் சொல்றேன், எங்க ராசி எனக்குத் தெரியாதா?” என்றாள்.

மகள் யேரிமுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி வந்துவிட்டது. கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த வாரமே, அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் போவது மாதிரி, சொம்யொன் கண் மருத்துவமனை வரிசைக்குக் கூட்டிப்போய் லேசர் அடித்துக் கூட்டி வந்தான் தேசிக். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. “எம் பொண்ணு டாக்சிக்கு நின்னா எந்த நாயும் நிக்காம போகக் கூடாது,” என்றான். அந்த நாய்களில் தானும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விட்டான்.

அம்மாவுக்கு அந்த யோசனை பத்து வருஷம் கழித்து, ஐம்பத்து நாலு வயதில்தான் வந்தது.

“இந்த வயசுல யாருக்குக் காட்ட?” என்றான் தேசிக்.

“யாருக்கும் காட்ட இல்ல. பாக்க.”

“நல்லாத்தானே பாக்கற, கண்ணாடி போட்டுக்கிட்டு.”

“காலைலயும்?”

தேசிக் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

யேரிம்தான் கூட்டிப்போனாள். சொம்யொன்னில் அந்தத் தெரு முழுக்கக் கண்தான். ஒரே கட்டிடத்தில் மாடிக்கு ஒரு கண் மருத்துவமனை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் உட்காரவைத்து விளக்கினாள். வெள்ளைக் கோட்டு, டாக்டரைவிட வெள்ளை. சாப்பாட்டுக் கடை அட்டை மாதிரி ஒன்றை விரித்தாள்.

“மொதலாவதும்மா, கருவிழி மேல மூடி மாதிரி வெட்டித் தெறந்து, உள்ள லேசர் அடிச்சு, மூடியத் திரும்ப மூடிடுவோம். மறுநாளே தெரியும்.”

“ஊறுகாய் ஜாடி,” என்றாள் மல்சுன்.

“ரெண்டாவதுல மூடி கெடையாது. மேல்தோல மட்டும் வழிச்சு எடுத்துட்டு லேசர். தோல் திரும்ப வளர்ற வரைக்கும் மூணு நாலு நாள் எரியும்.”

“வெங்காயம்.”

“மூணாவது, சின்னதா ஒரு கீறல் போட்டு, உள்ளேருந்து மெல்லிசா ஒரு வில்லைய உருவிடுவோம்.”

“நண்டுக் கால்லேருந்து சதை உருவற மாதிரி. அது சுலபமில்லம்மா, ஒடஞ்சு உள்ளயே நின்னுக்கும்.”

“அம்மா!” என்றாள் யேரிம்.

“நாலாவதுல லேசரே இல்ல. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் வெக்கிறது.”

“இதுல நீ எதச் சாப்ட்ட?”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மல்சுன் அவள் முகத்தைச் சுட்டினாள். அந்தப் பெண்ணும் கண்ணாடி போட்டிருந்தாள். உள்ளே போனால் டாக்டர் அதைவிடத் தடியான கண்ணாடி. மல்சுன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

“டாக்டர், நீங்க ஏன் பண்ணிக்கல?”

“என் கருவிழி மெல்லிசும்மா. லேசருக்குத் தாங்காது.”

“குடுத்து வெச்சவர்.”

டாக்டர் சிரிக்கிற ஆள் இல்லை. அவளுடைய கருவிழியும் கனமில்லை, மூடி வெட்டுவது வேண்டாம், தோலை வழிக்கும் முறைதான் சரி என்றார். ஆனால் வயது இருக்கிறது. தூரப் பார்வையைச் சரிசெய்தால் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட வேண்டி வரும்.

“கண்ணாடியக் கழட்டறதுக்கு வந்தா வேற கண்ணாடி மாட்டி அனுப்பறீங்களே?”

“இல்லன்னா ஒரு கண்ணத் தூரத்துக்கும், இன்னொரு கண்ணக் கிட்டத்துக்கும் வெச்சுக்கலாம். மூளை தானா பழகிக்கும். எல்லாருக்கும் ஒத்துக்காது. மொதல்ல காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் பாருங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல கண்புரை வேற வரலாம், அப்ப லென்ஸ் மாத்திக்கற மாதிரி இருக்கும். அதுக்காகக் காத்திருந்தாலும் தப்பில்ல.”

“ஒரு கண்ணு வர்றவங்க மேல, இன்னொரு கண்ணு தராசு மேல. கடைல அப்படித்தான் ஒக்காந்திருக்கேன் டாக்டர், புதுசாப் பழகணுமா என்ன? புரை வர்ற வரைக்கும் கிம்ச்சி புளிக்கிற மாதிரி காத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது.”

“உங்களுக்கு முக்கியமா எது தெரியணும்? அதுக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போடணும்.”

மல்சுன் கொஞ்சம் யோசித்தாள். அந்த அறையில் அவள் யோசித்துச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

“காலைல அஞ்சரைக்கு, நாலாவது மாடிலேருந்து, சந்து வளைவு தெரியணும்.”

“அங்க என்னம்மா இருக்கு?”

“எம் புருஷன் போவாரு. வண்டி போறது தெரியும். அவர் போறது தெரிஞ்சதில்ல.”

யேரிம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் வலது கண்ணைத் தூரத்துக்கு என்று எழுதிக்கொண்டார்.

சோதனை லென்ஸ் வாரத்தில் மல்சுன் இரண்டு முறை படியில் தடுமாறி, ஒரு முறை முள்ளங்கி ஊறுகாய் கேட்டவளுக்கு மீன் ஊறுகாய் கட்டிக்கொடுத்து, பழகிவிட்டது என்று அறிவித்தாள். லேசர் அடித்த நாள் தேசிக்கும் வந்தான். வேறு யாருடைய டாக்சியிலாவது அவள் திரும்பி வந்தால் தொழிலுக்கு அவமானம். மூன்று நாள் அவள் இருட்டறையில் கண்ணில் மிளகாய் அரைத்தது போலக் கிடந்தாள். அவன் கஞ்சி காய்ச்சினான், சொட்டு மருந்து விட்டான். முதல் நாள் மருந்து மூக்கில் போனது.

அப்புறம்தான் சிக்கல். கொஞ்ச நாளைக்கு வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை வெளிச்சமும் வெளிச்சம்தானே. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்த தேசிக்கின் எதிரே மல்சுன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றாள். கறுப்புக் கண்ணாடி கண்ணாடிக் கணக்கில் வருமா?

டிரைவர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கூடும் குக்பாப் என்னும் சூப்புச்சோற்றுக் கடையில் இந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. மூத்த டிரைவர் போங் எலும்புச் சூப்பை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“பவர் இருந்தாத்தாண்டா தரித்திரம். கறுப்புல பவர் இல்ல. சினிமா நடிகைங்க போடறதில்லையா?”

“அப்ப ஏத்தலாமாண்ணே?”

“நடிகைன்னா ஏத்து. உம் பொண்டாட்டிய எதுக்கு ஏத்தற?”

கடையே சிரித்தது. மேசை துடைத்த பையன் மட்டும், “இப்பல்லாம் ஆப்பில கூப்பிட்டா கண்ணாடியா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். அதனால்தான் முதல் சவாரி முடிகிறவரை தேசிக் அந்த ஆப்பைத் திறப்பதே இல்லை. கையைக் காட்டி நிறுத்துகிறவர்களில் பார்த்துப் பொறுக்கி ஏற்றுவான்.

கறுப்புக் கண்ணாடிக்கு விடுதலை கிடைத்த காலை வந்தது. மல்சுன் வெறும் முகத்தோடு வாசலில் நின்றாள். உப்பு சரியாக இருந்தது. தேசிக் படியிறங்கினான். அவள் பால்கனிக்கு ஓடினாள். வண்டி தெரிந்தது, வண்டியின் எண் தெரிந்தது, கூரையில் புறா எச்சம்கூடத் தெரிந்தது. வளைவில் வேகம் குறைந்தது. இடது ஜன்னலிலிருந்து ஒரு கை வந்தது. தலை வந்தது. கை அசைந்தது.

கைக்கு நேரே மொட்டைமாடியில் யோன்சுக் அக்கா மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை தேசிக் வீட்டுக்குள் நுழைந்தபோது சோறு இல்லை.

“எத்தன வருஷமா?” என்றாள் மல்சுன்.

“என்ன எத்தன வருஷமா?”

“அந்த மொளகாய்க்காரிக்குக் கை காட்டறது. தலைய வேற நீட்டற. வெக்கமா இல்ல, யோவ்? அவளுக்கு என்னைவிட எட்டு வயசு ஜாஸ்தி!”

தேசிக் சிரிக்க ஆரம்பித்து, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். “யேரிமம்மா, அது உனக்குடி. முப்பது வருஷமா உனக்குத்தான் காட்டறேன். நீதான் ஒரு நாளும் கையத் தூக்கல. திமிர் புடிச்சவன்னு நானும் விட்டுட்டேன்.”

“எனக்கா?”

“உனக்குத்தான்.”

“முப்பது வருஷமாவா?”

“தினமும்.”

மல்சுன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, கடையில் பாக்கி வைத்தவனிடம் பேசுவது போலக் கேட்டாள். “காலைல என் கண்ணாடியக் கழட்டச் சொன்னது யாரு?”

தேசிக்குக்கு அது அப்போதுதான் உறைத்தது. டிவியைத் தேடினான். ரிமோட் அவள் மடியில் இருந்தது.

“கண்ணப் புடுங்கி வெச்சுட்டு, பாக்கலன்னு கோவம் வேற,” என்றாள். கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. லேசர் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டாள்.

அதோடு முடிந்திருக்கலாம். மறுநாள் அவளும் கையசைத்து, தெருவில் எல்லாரும் நல்லா இருந்திருக்கலாம். ஆனால் மல்சுன் சந்தைக்காரி. எதையும் சும்மா தரமாட்டாள்.

“நானும் காட்டறேன். ஆனா ஒண்ணு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மொத சவாரிக்குக் கண்ணாடி போட்ட பொண்ண ஏத்திட்டு வா. அன்னிக்கு என் கண்ணாடியக் கழட்ட வெச்சதுக்குப் பரிகாரம். அது வரைக்கும் நான் தந்திக் கம்பம்தான்.”

“நீ மட்டும் கடைல ஏத்திக்கறியா?”

“இன்னிக்குக் காலைலயே ஆச்சு. கண்ணாடிக்காரி, மொத போணி, ரெண்டு கிலோ. நான் செத்தா போயிட்டேன்?”

தேசிக் முயற்சி செய்தான். வாரக்கணக்கில் முயன்றான். கண்ணாடி போட்ட பெண் கைகாட்டினால் கால் பிரேக்குக்குப் போகும், போய் அங்கேயே யோசிக்கும், அதற்குள் வண்டி தாண்டிவிடும். மூன்றாவது வாரம் ஒரு மாலை வந்து பொய் சொன்னான்.

“ஏத்திட்டேன்.”

“யாரு?”

“டீச்சர்.”

“ஃபிரேம் என்ன கலரு?”

“கறுப்பு... பழுப்புக் கறுப்பு.”

“எறங்கினப்போ கண்ணாடி போட்டிருந்தாளா, கழட்டி வெச்சிருந்தாளா?”

தேசிக் கை கழுவப் போனான்.

“உக்காந்து சாப்புடு,” என்றாள் மல்சுன். “பொய்யும் ஒழுங்கா வரல. எங்கப்பா அஞ்சாவது பொண்ணுக்கே போதும்னு பேரு வெச்சுட்டு ஆறாவதப் பெத்தாரு. அவரவிட நீ நேர்மை.”

அந்தக் கேலி அவனுக்குத் தைத்துவிட்டது. மறுநாள் காலை பேசாமல் சாப்பிட்டுப் பேசாமல் இறங்கினான். இன்றைக்கு ஏற்றியே தீருவது; ஏற்றிவிட்டு வந்து, நாளைக்கு உரிமையோடு கை காட்டுவது. அதுவரைக்கும் எதற்குக் கை? வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. கையை நீட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் அப்படிப் போனது அன்றைக்கு மட்டும்தான்.

கீழே பெரிய தெருவில் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் கைகாட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தான். அப்புறம்தான் யோன்சுக் அக்காவின் போன்.

அந்தப் பெண் கேட்டது ஒரு கேள்விதான். “ஐயா, நான் ஓட்டட்டுமா?” ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டி வந்து, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தன் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். மல்சுன்னுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்து அஞ்சலி மண்டபத்தில் வைத்த படம் கண் சரியான பிறகு எடுத்தது. சந்தைக்காரிகள் பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய சாவோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். டிரைவர்கள் காரச் சூப்பும் சோஜுவுமாக ஒரு மேசையைப் பிடித்தார்கள். மூன்றாவது கிளாஸில் போங்குக்கு அடக்க முடியவில்லை.

“பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஏத்துனதும் இல்லாம வண்டியவே ஓட்டவிட்டிருக்கான்.”

யேரிம் தட்டை மேசைமேல் வைத்தாள். “அம்மா விழுந்தது அப்பா அந்தப் பொண்ண ஏத்தறதுக்கு முன்னாடி, மாமா. உங்க தரித்திரம் கடிகாரம் பாக்காதா?”

“தரித்திரத்துக்கு ஏதும்மா முன்ன பின்ன?”

தேசிக் எழுந்து, மூலையில் தனியாகச் சூப் குடித்துக்கொண்டிருந்த யோன்சுக் அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தான். அவன் கையில் துக்கப்பட்டை நழுவி முழங்கையில் கிடந்தது.

“அக்கா, நான் போனப்போ அவ பால்கனில நின்னாளா?”

“நின்னா. ஒன் வண்டி வளைவு தாண்டுனப்போ நின்னா. கையத் தூக்கினா. அப்புறம் நான் செடியப் பாத்துட்டு நிமிந்தா ஆளக் காணோம். உள்ள போயிட்டான்னுதான் நெனச்சேன். கம்பில துணி ஒண்ணு சரிஞ்சு தொங்கினதப் பாத்துத்தான் ஓடினேன்.”

“கையத் தூக்கினாளா?” தேசிக் மேசையைப் பிடித்துக்கொண்டான். “எப்படித் தூக்கினா? இப்படியா?” மண்டபத்து நடுவில் கையை உயர்த்தி அசைத்துக் காட்டினான். “இல்ல, துணி போடற மாதிரி, இப்படியா?”

“தெரியலப்பா.”

“இவ்ளோ கிட்டத்துல எப்படித் தெரியாம போகும்? நல்லா யோசிங்கக்கா. ஆடிச்சா, ஆடலையா?”

“கையின்னு தெரிஞ்சுது. ஆடிச்சான்னு தெரியல. கண்ணாடி போடல.”

“ஏன் போடல?”

யோன்சுக் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “யாரு கேக்கறது பாரு. வளைவுல எம் மொகத்தப் பாத்து ஹாரன் அடிச்சு, காலங்காத்தால கண்ணாடியோட வந்து நிக்காதக்கா, பொழப்பு போயிடும்னு சொன்னியா இல்லையா? அன்னிலேருந்து ஒன் வண்டி எறங்கிப் போற வரைக்கும் நான் கண்ணாடியத் தொடறதில்ல.”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் சூப் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். “ரெண்டு வாய் குடி,” என்றாள்.

மூன்றாம் நாள் எரித்து முடித்து, சாம்பல் கலசத்தை அதற்கான மாடத்தில் வைத்துவிட்டு, சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். பால்கனிக் கதவு திறந்தபடியே, கம்பியில் சரிந்த துணி அப்படியே இருந்தது. கொடியில் அவனுடைய சட்டை இரண்டும் காலுறை ஒன்றும் கிளிப் போட்டுத் தொங்கின. இன்னொரு காலுறை கீழே கூடையில், மற்ற ஈரத் துணிகளோடு, காயப்போடாமல் கிடந்தது.